மேல்பணம் கேட்கப் போனவள்

சரக்கை வாங்குவதைவிட, விலை சரியும்போது அதைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் செலவு பிடித்த வேலை. கடன் வாங்கிப் பங்குகளில் போட்டுவிட்டுத் தரகரின் தொலைபேசிக்குப் பயந்திருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் அந்தத் தொலைபேசியின் இடத்தில் நான் இருந்தேன்.

போர் என் கல்லூரிப் படிப்பை நிறுத்தியபின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விலையில் மூன்றில் ஒரு பங்கை வாடிக்கையாளர் தருவார். மீதியை முதலாளி போடுவார். சரக்கு எங்கள் கிடங்கில் இருக்கும். விலை ஏறினால் லாபம். இறங்கினால் அன்று மாலைக்குள் ‘மேல்பணம்’ கட்டவேண்டும். கட்டாவிட்டால் முதலாளி சரக்கை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்வார். மேல்பணம் கேட்டு வீடுவீடாகப் போவது என் வேலை.

ஏறிய நாள்

ரயில்வே குமாஸ்தா தனபாலன் எங்களிடம் துணி துவைக்கும் சவுக்காரப் பெட்டிகள் வாங்கியிருந்தார். அவர் மனைவி கமலத்துக்கு மலேரியா. அதற்கான கொய்னா மருந்து கள்ளச் சந்தையில்தான் கிடைத்தது. அதை வாங்கும் பணம் சவுக்காரத்திலிருந்து வந்தாகவேண்டும்.

விலை கொஞ்சம் ஏறியதும் முதலாளி அவரைக் கூப்பிட்டு, “பாதியை வித்துடுங்க தம்பி. மீதி போனாலும் மனசு தாங்கும்” என்றார். தனபாலன் கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாதி மருந்துக்குப் பாதிக் காய்ச்சலா போகும் முதலாளி?”

கதவு

அந்நாட்களில் யாராவது கதவைத் தட்டினால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குச் சவுக்காரக் கப்பல் வந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பி, விலை ஒரே காலையில் சரிந்தது. நான் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தாழ்ப்பாள் மெல்ல விலகியது. என்னைக் கண்டதும் தனபாலனின் முகம் இளகியது. “தங்கச்சியா? உள்ள வா. ராணுவம்னு நெனச்சுட்டேன்.”

வந்த காரியத்தைச் சொன்னேன். வீட்டிலிருந்த துணியெல்லாம் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்த கமலம், தன் சங்கிலியைத் தானே கழற்றி நீட்டினாள்.

“கொண்டு போ. ஆனா திரும்பக் கேட்டு வராதே தங்கச்சி. கழுத்துல இனி ஒண்ணும் இல்ல.”

வாங்குகிறவன்

அந்த வாரமே திரும்பப் போனேன். விலை இன்னும் இறங்கியிருந்தது. தனபாலன் என்னோடு கடைக்கே வந்துவிட்டார். கொஞ்சம் பொறுக்கும்படி கெஞ்சினார். முதலாளி இரக்கமில்லாதவர் அல்ல. “நானும் இன்னொருத்தர் பணத்துலதான் நிக்கிறேன் தம்பி” என்றார்.

“கப்பல் வந்ததை யாராவது கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டார் தனபாலன். எங்களில் யாரும் பார்க்கவில்லை. விளக்கு வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, முதலாளி பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார்.

“நானும் பாக்கலதான். ஆனா வாங்குறவன் நம்புறானே.”

பலகை

கப்பல் வரவே இல்லை. சவுக்காரம் விலை ஏறி, ஏறி, தனபாலன் வரும் என்று முன்பே சொல்லியிருந்த விலையை எட்டியது. அதற்குள் கமலம் இறந்துவிட்டாள்.

ஒருநாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார். சாம்பல் போட்டுத் துவைத்த சட்டை; பழுப்பு போகவில்லை. பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த விலையை வெகுநேரம் படித்தார். குரலில் கோபமே இல்லை.

“நான் சொன்ன விலைதானே தங்கச்சி?”

விலை எங்கே போகும் என்று அறிந்தவர்கள் எங்கள் கடைக்கு நிறையப் பேர் வந்தார்கள். அது போய்ச் சேரும்வரை காத்திருக்க வசதி இருந்தவர்களைத்தான் ஊர் கெட்டிக்காரர்கள் என்றது.