மலைக்குப் போகாத மொட்டை

திருப்பதிப் பக்கத்தில் மொட்டையடித்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்த ஒரே அறிவாளி நான்தான். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய், "எல்லாரும் என்னையே பாருங்க" என்று நிற்பது மாதிரி. எவன் பார்ப்பான்?

எனக்கு வீடு சித்தூரில். வேலை திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் ஒரு லாட்ஜில். ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன், வெந்நீர் எப்போது வரும் என்பதற்குப் பொய் சொல்லுவேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். தினமும் அதே பஸ்ஸில் வருகிற எங்கள் கும்பலுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. அதில் எனக்குக் கோமாளி உத்தியோகம். புத்தலப்பட்டு தாண்டி டயர் வெடித்தாலும் சரி, கண்டக்டர் சில்லறை இல்லை என்று முறைத்தாலும் சரி, எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஏமாற்றியதில்லை.

கும்பலில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் ஒருத்தர். டைல்ஸ் கடையில் ஸ்டாக் பார்க்கிறவர். அவர் மனைவிக்கும் என் மனைவிக்கும் பிறந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். அந்த ஒரு காரணத்துக்காக அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ள. ரத்தம் விசாரித்தால் இரண்டு பேருக்கும் ஒரு சொட்டு ஒட்டாது.

இது நடந்தபோது நான் வீட்டில் ஒண்டிக்கட்டை. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி சென்னைக்குப் போய்விட்டாள். நான் சோறு வடித்து, அப்பளம் சுட்டு, செல்லைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எதிரில் ஒரு முகம் வேண்டுமே.

அப்படிச் சாப்பிடும்போதுதான் அந்தப் போட்டோ குரூப்பில் வந்து விழுந்தது. எங்கேயோ நடக்கிற சண்டை. அடுத்தவன் ஊருக்குள் புகுந்து அதைப் பிடித்து வைத்திருக்கிற சிப்பாய்கள், அந்த ஊர்க் கைதிகளைச் சட்டையில்லாமல் வரிசையாக முட்டி போட வைத்திருந்தார்கள். கண்ணில் துணிக்கட்டு. ஒவ்வொருத்தனுக்கும் பாதித் தலை சிரைத்து, பாதியை அப்படியே விட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சின்ன வயசு சிப்பாய் கையில் மெஷினோடு கட்டை விரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறந்தநாள் கேக் வெட்டியவன் மாதிரி ஒரு சிரிப்பு.

எனக்கு அப்பளம் இறங்கவில்லை. கீழே பார்த்தால் குரூப்பில் வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். ஒருத்தன், "சலூன் இன்னா ரேட்டு?" என்று போட்டிருந்தான். இன்னொருத்தன், "இவனுங்களுக்கு வேணும்" என்று. எவனுங்கள், எதற்கு வேணும், எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாமாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டிருந்தார்.

"இது தப்புப்பா. கட்டிப் போட்டவன அசிங்கப்படுத்தறது ரொம்பத் தப்பு" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

"அண்ணா பில்டப்பு குடுக்கறாரு. பஞ்ச் நாளைக்கு பஸ்ல" என்று ஒருத்தன். அதற்கு ஆறேழு கைத்தட்டல்.

மறுநாள் பஸ்ஸில் மாமா என் தொடையைத் தட்டி, "சொல்லு மாப்ள, இன்னா வெச்சினுகிற?" என்றார். முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் திரும்பி ரெடியாக உட்கார்ந்தது. "ஒண்ணும் வெச்சினு இல்ல மாமா, நெஜமாத்தான் சொன்னேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் முகத்தை எவ்வளவு நீட்டினேனோ அவ்வளவு சிரித்தார்கள். கோமாளிக்குப் பல்வலி வந்தால் கதை இப்படித்தான் ஆகும்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தூரில் இறங்கியதும் நேராக சலூனுக்குப் போனேன். நாளைக்குப் பாதித் தலையோடு பஸ் ஏறினால் எவனாவது ஒருத்தன் "ஏன்?" என்று கேட்டுத்தானே ஆக வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான். நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, "பாதி சிரைச்சா போதும்" என்றேன்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாதியா? எவன்னா பாத்தா எனுக்குதான் சார் கேஸு. உங்களுக்கு வூட்ல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லபா. இது வேற மேட்டரு."

"ஊட்டுக்காரம்மா ஊர்ல இல்லியா?"

"இல்ல."

"அதான்" என்றார், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி. காத்திருந்த இரண்டு பேர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்கள். என் வீரம் அந்த இடத்தில் கழன்றது. "சரி, முழுசா எடுத்துடு" என்றேன். என் புரட்சி தலை நடுவில் நிற்கத் தைரியமில்லாமல் இரண்டு காது வரைக்கும் இறங்கிவிட்டது. முடித்துவிட்டு அவர் கேட்காமலேயே தலை முழுக்கச் சந்தனம் தடவினார். தடவிக்கொண்டே ஒரு வருத்தம் வேறு: "சாமிக்குக் குடுக்க வேண்டிய முடி சார். மலைல ஃப்ரீயாவே அடிச்சிருப்பான்."

மறுநாள் பஸ் படியில் கால் வைத்ததுமே "கோவிந்தா!" என்று ஒரு சத்தம். "சொல்லாம கொள்ளாம மலைக்குப் போய்ட்டு வந்துகீறாரு பாரு" என்றார்கள். "கூட்டம் எப்படி?" என்றார்கள். "லட்டு எங்க?" என்றார்கள். நான் மலைக்குப் போகவில்லை என்றேன். லட்டு கொடுக்க மனசில்லாதவன் சொல்லும் பொய் என்று முடிவானது.

லாட்ஜில் மேனேஜர், "தர்சனம் பாகா அயிந்தா?" என்று, தரிசனம் நன்றாக ஆயிற்றா என்பதைத் தெலுங்கில் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் என் மொட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ரூம் கேட்டு வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலும் மொட்டை, என்னைச் சொந்தக்காரனைப் போலப் பார்த்துச் சிரித்தது. வெளியே போனால் ஷேர் ஆட்டோவில் மொட்டை, டீக்கடையில் மொட்டை, பூக்கடையில் மொட்டை. இத்தனை மொட்டைக்கு நடுவில் என் மொட்டை மட்டும் வேறு மொட்டை என்று யாருக்கு விளக்குவது?

மனைவிக்காவது சொல்லலாம் என்று வீடியோ கால் போட்டேன். அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. நெட்டுப் போய்விட்டதோ என்று நினைத்தேன். நெட்டு நன்றாகத்தான் இருந்தது.

"என்ன வுட்டுட்டு ஒண்டியாவா மலைக்குப் போனீங்க?"

"மலைக்குப் போல. ஒரு போட்டோ பாத்தேன், மனசு கேக்கல..."

"போட்டோ பாத்து எவனாச்சும் மொட்ட அடிப்பானா? பொய் சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லுங்க." பின்னால் குழந்தை அழுதது. "இருங்க, வெக்கறேன்."

அன்று சாயங்காலத்து பஸ்ஸில் கூட்டம் இல்லை. சந்திரகிரி தாண்டியது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மலைக்குப் போல நீ. இல்ல?"

"இல்ல."

"அந்தப் போட்டோக்குதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் தன் செல்லை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்தார். முட்டி போட்டிருந்தவர்களைத் தள்ளிவிட்டு, ஓரத்தில் சிரிக்கிற சிப்பாய் முகத்தை இரண்டு விரலால் பெரிசாக்கினார். "நான் மொதல்ல இவனதான் பாத்தேன் மாப்ள. எம்பையன் வயசுதான் இருக்கும். பல்லுகூட அவனுது மாரியே முன்னால தூக்கினுகீது. பாத்ததும் செல்ல கவுத்து வெச்சிட்டேன். மறுபடி எடுத்தா எல்லாம் சிரிச்சினு இருந்தானுங்க, நானும் பொம்மைய போட்டுட்டேன்."

அவர் பையன் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கே வேலை என்று வீட்டுக்குச் சொல்ல முடியாத இடம். லீவில் வந்தபோது இதே பஸ்ஸில் எங்களோடு வந்திருக்கிறான். கைக்குழந்தைக்காரிக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, சித்தூர் வரை நின்றுகொண்டே என் ஜோக்குகளுக்குச் சிரித்தவன். தங்கமான பையன்.

"எம்பையன் இந்த மாரி செய்வானா? நீ சொல்லு" என்றார் மாமா. "வெளாடாம சொல்லு."

இத்தனை நாள் நான் ஏங்கியது இதற்குத்தான். ஒருத்தர் என்னை நேராகப் பார்த்து, விளையாடாமல் சொல்லு என்கிறார். "சேச்சே, உங்க பையனா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் போட்டோவில் சிரிக்கிறவனும் லீவில் ஊருக்குப் போனால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பான் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"தெரியல மாமா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்பறம் என்று கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டார். புத்தலப்பட்டில் ஒரு ஆள் இறங்கி முன்னால் ஒரு சீட்டு காலியானதும், எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது எனக்கு முடி வளர்ந்து சீப்பு நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாமா டிரைவருக்குப் பின் சீட்டில்தான் வருகிறார். ஏறும்போது, "இன்னா மாப்ள" என்பார். "வாங்க மாமா" என்பேன். அதோடு சரி. குரூப்பில் நான் இன்னும் ஜோக் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வந்து விழுகிற சிரிப்பு பொம்மைகளுக்கும் குறைச்சல் இல்லை, மாமாவுடையது மட்டும் வருவதில்லை. சோறு ஆறுகிற வரைக்கும் மெசேஜை அழுத்தி, யார் யார் படித்தார்கள் என்று பார்ப்பேன். மாமா பெயர் அதில் தவறாமல் இருக்கும். உடனே படித்துவிடுகிறார்.