தண்டல் வீட்டுப் பெண்ணின் குமட்டல்

ஆனாசெய்னியின் குடும்பம் ஹாபாய்த் தீவுகளில் பேர் சொன்னால் தெரிகிற குடும்பம். பாட்டன் படகு கட்டியவன். அப்பன் பெரிய படகை ஓட்டிச்செல்லும் தண்டல். வாழ்க்கைப்பட்ட சியாவோசியும் தண்டல்தான். அப்பேர்ப்பட்டவளுக்குப் படகு ஏறினால் குடலைப் புரட்டும் என்றால் ஊர் சிரிக்காதா? நாற்பத்தாறு வயது வரைக்கும் அதை மறைத்தே ஓட்டினாள். ஏறியதும் முகத்தை மூடிப் படுத்துவிடுவாள், தூங்குகிறவள் மாதிரி.

பித்தப்பையில் கல் என்று தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "படகுல போனா வாந்தி வருமாம்மா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற சியாவோசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க வீட்டுப் பொம்பளைக்கா? நல்லா கேட்டீங்க டாக்டர்!"

"வராது" என்றாள் அவளும். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வயிற்றைக் கிழித்துக் கல்லை எடுத்து, தைத்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்ட பிறகு வாந்தி ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் ஏழு தடவை. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் சுண்டி இழுத்தது. கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. ஊசி போட்டும் நிற்கவில்லை.

"இப்படியே போனா தையல் விட்டுரும். மறுபடி உள்ள கொண்டுபோகத்தான் வேணும்" என்றாள் நர்ஸ் தூபோ.

மறுபடியுமா? ஆனாசெய்னி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தன் வாந்திக்குக் காரணம் டாக்டருக்குத் தெரியாது, தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அந்தக் காரணம் கால்மாட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தது. அப்பாவின் அக்கா, லேசியேலி அத்தை.

எங்கள் பக்கம் அத்தை கேட்டதை இல்லை என்று சொல்லத் தம்பி பிள்ளைகளுக்கு வாய் கிடையாது. அத்தை மனம் கசந்தால் வயிற்றில்தான் வந்து விடியும் என்பார்கள். ஆனாசெய்னியோ மகள் கல்யாணத்தில் அத்தைக்குச் சீராகச் சேரவேண்டிய விலையுயர்ந்த மெல்லிய பாயைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு, முரட்டுப் பாயைக் கொடுத்தவள். அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

"விசிற வேணாம் அத்தே."

"ஏன்டி, காத்து கசக்குதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை எழுந்துபோய் நர்ஸ் காதில் ஏதோ ஓதுவதை அரைக்கண்ணால் பார்த்தாள். என்ன சொல்கிறாள்? இன்னும் என்ன செய்யப் போகிறாள்?

நர்ஸ் விறுவிறுவென்று வந்தாள். "படகுல உங்களுக்கு வாந்தி வருமாமே?"

"யாரு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்" என்றாள் அத்தை, வார்டு முழுக்கக் கேட்கும்படி. "ஒம்பது வயசுல உங்கப்பன் படகுல என் மடி நெறையக் கக்குனியே, மறந்துட்டியா? கல்யாணத்தன்னிக்குப் படகுல நீ கக்கக் கக்கக் குடத்தைப் புடிச்சது யாரு?"

சியாவோசி வாயைப் பிளந்தான். "இருவத்தாறு வருஷமா இவ தூங்குறான்னுல்ல நெனச்சேன்!"

அடுத்த கட்டில்காரி தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்டல் பொண்டாட்டிக்கே இந்தக் கதின்னா, நாங்க இனிமே பிளேன்லதான் போவணும்!"

"இத முன்னாடியே சொல்லியிருந்தா, தூங்க வைக்கும்போதே தடுக்குற மருந்தும் சேர்த்துக் குடுத்திருப்பாங்க. அதுக்குத்தானே டாக்டர் கேட்டாரு?" என்று நர்ஸ் கடிந்துகொண்டு, டாக்டரிடம் கேட்டு வேறொரு ஊசி போட்டாள்.

சாயங்காலத்துக்குள் குமட்டல் அடங்கியது. மனசுதான் அடங்கவில்லை. காப்பாற்றவா சொன்னாள், பாய்க்குப் பழிவாங்கி மானத்தை வாங்கவா? கண்ணை மூடியபடியே கணக்குப் போட்டாள். 

கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் அத்தை டம்ளரை நீட்டினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க அத்தே."

அத்தை அவளையே பார்த்தாள். "வெஷம் வெக்கணும்னா எனக்கெதுக்குடி டம்ளரு? நீ குடுத்த பாயில ஒன்னையே ஒரு ராத்திரி படுக்க வெச்சாப் போதாது?" ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள்.

ஆனாசெய்னி உதடு நனைய உறிஞ்சினாள். கையை வயிற்றுக் கட்டின்மேல் வைத்துக் காத்திருந்தாள். சியாவோசி வாந்தி பிடிக்கும் பேசினை ஏந்தி நின்றான். தண்ணீர் உள்ளேயே நின்றது.

"இன்னொரு வாய்" என்றாள். அத்தை முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.