பள்ளமில்லாத இடத்தில் ஒரு முருங்கைக் கொப்பு

நேற்று தச்சநல்லூர் பஸ் நிறுத்தத்தில் நின்ற எங்கள் மேல் ஒரு வெள்ளைக் கார் மழைத்தண்ணீரை வாரி இறைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த என் விலங்கியல் ரெக்கார்டில் தவளை நிஜமாகவே நீந்தியது.

"பாத்துப் போங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

வேகத்தடையில் காரை நிறுத்தியவர் கண்ணாடியை இறக்கி, "மழைன்னா நனையத்தாம்லே செய்யும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இன்று காலையும் அதே மழை. தண்ணீருக்குள் பள்ளம் கிடந்தால் நம் ஊரில் யாராவது அடையாளத்துக்கு ஒரு மரக்கொப்பு நட்டுவைப்பார்களே, அதேபோல் நானும் கூடப் படிக்கும் அன்வரும் ஒரு முருங்கைக் கொப்பை மண் சாக்கில் செருகி, தேங்கிய தண்ணீரின் நடுவில் வைத்தோம். அங்கே பள்ளம்தான் கிடையாது.

பைக், ஆட்டோ எல்லாம் ஊர்ந்து போயின. யார் மேலும் ஒரு துளி தெறிக்கவில்லை.

வெள்ளைக் கார் வந்தது. நின்றது.

"ஏலே, பள்ளம் எவ்வளவு ஆழம்?"

"தெரியலையே அண்ணாச்சி. இன்ஜினுக்குள்ள தண்ணி போனா வண்டி படுத்துரும். இறங்கிப் பாத்துட்டுப் பையப் போங்க."

அவரிடம் குடை இல்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் காலால் துழாவித் துழாவிக் கொப்பு வரை நடந்தார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை.

"பள்ளத்தையே காணோமேலே! தொப்பலா நனைஞ்சுட்டேன்!"

உப்பிப்போன ரெக்கார்டை உயர்த்திக் காட்டினேன். "மழைன்னா நனையத்தான செய்யும் அண்ணாச்சி."

பஸ் நிறுத்தமே சிரித்தது. அவர் காரை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.

நாளைக்கும் மழையாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கார் உண்டா? சொல்லுங்கள், எங்கள் வீட்டு முருங்கையில் இன்னும் ஏழெட்டுக் கொப்பு தேறும்.