செத்தவீட்டுக்குப் போன கதிரைகள்

எனக்கு மூன்றாவது முறையாக இடமாற்றம் வந்த அன்று, அலுவலகத்தில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அடிக்கடி இடம் மாறுகிறவன் தளபாடம் வாங்கக்கூடாது, வாடகைக்கு எடுத்துவிட்டுப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் ஒருவர். வாடகை கொடுப்பது மடத்தனம், வாங்கிவிட்டால் போகிற இடமெல்லாம் கூடவே வரும் என்றார் மற்றவர். எனக்கு இரண்டுமே எரிச்சலாக இருந்தது. இந்த வழக்கை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் அது சோற்றுக்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேனே தவிர, அப்போது அப்படி ஒன்று எங்கள் கையில் இல்லை. சொந்த வீடு தெல்லிப்பழைக்கு வடக்கே, இராணுவம் வேலி அடைத்து வைத்திருந்த பகுதிக்குள் அகப்பட்டுக் கிடந்தது. நான் பிறக்கும் முன்பே அங்கிருந்து வெளிக்கிட்ட அப்பாவும் அம்மாவும், அதன்பிறகு வாடகை வீடுகளில்தான் குடியிருந்தார்கள். அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். அவர்களுக்குத் திருவிழா பார்க்க ஆசை வந்தால் நாங்கள் சட்டிபானையைக் கட்ட வேண்டும். இப்படி மாறி மாறித்தான் இணுவிலுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தியும் எங்களோடு இருந்தார்.

கதிரை வாங்குவதில்லை என்பது அப்பாவின் கொள்கை. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரை வாடகைக்குக் கொடுக்கிற ஒருவர் அவருக்குப் பழக்கம். அவரிடமிருந்து சில பிளாஸ்ரிக் கதிரைகள் மாத வாடகைக்கு வந்தன. எல்லாவற்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்ற்றால் கடையின் அடையாளம் போட்டிருக்கும். ஒரேயொரு நிபந்தனை: ஊரில் சாவு விழுந்தால் கதிரைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். செத்தவீட்டுக்குக் கதிரை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவு முடிந்து கதிரைகள் திரும்பி வரும்வரை நான் நிலத்தில் குப்புறப் படுத்துக்கிடந்து எழுதுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான்தான். ஊரில் யார் செத்தாலும் இடைஞ்சல் என் படிப்புக்குத்தான்.

"நாலு கதிரை வாங்கினால் என்ன குறைஞ்சு போவீங்கள்?" என்பார் அம்மா.

"வீடு மாறேக்கை எல்லாம் தலையிலை தூக்கிக்கொண்டு திரியிறதோ? ஆமி எங்கடை காணியை விட்ட உடனை வாங்குவம். எங்கடை விறாந்தைக்கு, பிரம்பு பின்னின முதிரை மரக் கதிரை. கைபிடி வைச்சது."

"காணி விடுற நேரம் நான் முட்டு வருத்தம் வந்து படுக்கையிலை கிடப்பன். பிறகு உங்கடை முதிரைக் கதிரையிலை ஆர் இருக்கிறது?"

அப்பா என் பக்கம் திரும்புவார். அந்த விறாந்தையின் எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தப் பக்கம் கதிரை போட வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தொடங்குவார். நான் கண்ணால் காணாத விறாந்தை அது. எனக்குக் கொட்டாவி வரும்.

அந்த ஆவணியில் சித்தியைப் பெண் பார்க்க மானிப்பாய்ப் பக்கமிருந்து ஒரு பகுதி வருவதாயிருந்தது. இரண்டு இடம் தட்டிப்போய் வந்த மூன்றாவது இடம் அது. பொருத்தம் நல்லது, பெடியனுக்கு அரசாங்க வேலை. அம்மா விடியத் தொடங்கிக் கதிரைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். முதுகிலிருந்த சிவப்பு அடையாளங்களை மறைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு துவாய் போட்டார்.

வந்தவர்கள் துவாய்களில் சாய்ந்துகொண்டு நன்றாகத்தான் கதைத்தார்கள். பெடியனின் தகப்பன், நல்ல காரியத்துக்கு நடுவில் அடிக்கக்கூடாது என்று போனை நிறுத்திச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சித்தி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். பெடியனும் நிமிர்ந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் படலையடியில் கதிரைக்காரரின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நின்றது.

அப்பா எழுந்து ஓடினார். அவர் கண்ணால் காட்டிய சாடையெல்லாம் கதிரைக்காரருக்கு விளங்கவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ, ஒரு சாவு. கதிரையள் உடனை வேணுமாம்."

"பொறும், ஆக்கள் வந்திருக்கினம்."

"பிரேதத்தைக் கொண்டுவந்திட்டினம் அண்ணை, சனம் நிக்குது. மானிப்பாய்த் தபால்கார ஐயா."

உள்ளே பெடியனின் தகப்பன் தேத்தண்ணியை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். "ஆர்? தபால்காரரோ? ஐயோ, அவர் எங்கடை சின்னய்யாவெல்லோ!"

சொந்தச் சித்தப்பன் செத்த துடக்கோடு யாராவது கலியாணம் பேசுவார்களா? எல்லோரும் எழுந்தார்கள். எழுந்த கையோடு கதிரைக்காரர் கதிரைகளைத் தூக்கத் தொடங்கினார். அவருக்கு அவருடைய அவசரம். துவாய்களை மடித்து அம்மாவின் கையில் கொடுத்ததுதான் அவர் காட்டிய மரியாதை. வந்தவர்கள் நேரே செத்தவீட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் எழும்பியவர்கள் அங்கே போய் அதே கதிரைகளில்தான் இருந்திருப்பார்கள்.

வெறும் நிலத்தில் பலகாரத் தட்டுகளோடு நாங்கள் மிஞ்சினோம்.

"சொந்தக் கதிரை எண்டால் அந்த மனிசன் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திச் செத்திருப்பார்," என்றார் அம்மா. "அதுக்கிடையிலை ஓமெண்டு சொல்லியிருப்பினம்."

சித்தி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "விடுங்கோ அக்கா. அத்தான் சாவுக்கு என்ன செய்வார்?" சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துடக்குக் கழிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தபின், பகுதியார் திரும்பவும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வந்ததும் கலியாணம் ஒப்பேறியதும் பிறகு நடந்தவை. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னர் அப்பா யாருக்கும் சொல்லாமல் சுண்ணாகத்துக்குப் போனார். மத்தியானம் ஒரு லான்ட்மாஸ்ரர் வந்தது. செத்தவீடாக்கும் என்று நினைத்து நான் இருந்த கதிரையை விட்டு எழும்பி நின்றேன். பழகிவிட்டது.

வந்தது வாடகைக் கதிரையில்லை. பிரம்பு பின்னின முதிரைக் கதிரைகள், கைபிடி வைத்தவை. முதுகில் ஒரு அடையாளமும் இல்லை. நான் ஒவ்வொன்றிலும் ஏறி இருந்து பார்த்தேன். இனி ஊரில் யார் செத்தாலும் எனக்குக் கவலையில்லை.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து ஒரு கைபிடியைத் தடவினார். அவருடைய முகம் மாறிவிட்டது.

"இதை ஏன் இஞ்சை இறக்கினீங்கள்?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என்னிடம், "தம்பி, வெயில் படாமல் உள்ளுக்கை வை," என்றார்.

அம்மா அத்தனை கதிரையையும் விட்டுவிட்டு வாசற்படியில் குந்தி அழுதார். சித்தி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அப்பா கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கால் கழுவினார். எனக்கு வந்த கோபம் சொல்லிமாளாது. வருடக்கணக்காகச் சண்டை பிடித்துக் கேட்ட சாமான் முற்றத்தில் நிற்கிறது. இந்த மனுசிக்கு இன்னும் என்னதான் வேண்டும்? அப்பா அந்தக் கதிரைகளை எந்த விறாந்தைக்கென்று சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றே நடுக்கதிரையில் சப்பணம் கட்டி இருந்து, புத்தகத்தை விரித்து உரத்துப் படிக்கத் தொடங்கினேன்.