ஓரத்தில் ஒரு கை

மாடிவீட்டு அம்மா படச் சட்டத்துக்கான கண்ணாடியின் மேல் குனிந்து ஒருமுறை வாயால் ஊதுகிறார். படர்ந்த ஆவி மறைவதற்குள் பழைய பனியன் துணியால் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் துடைக்கிறார். வட்டமாகத் துடைப்பது அவருக்குப் பிடிக்காது. பிறகு கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். எங்கோ ஒரு தூசி இருக்கிறது. நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மறுபடியும் ஊதுகிறார். "உள்ளே ஒரு தூசி மாட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான். அதுவும் படத்துல ஒரு ஆளா உட்கார்ந்துக்கும்" என்கிறார்.

அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி சுழலக் கூடாது. கணவர் தும்மக் கூடாது. தும்மல் வந்தால் மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடிவந்து அங்கே தும்முவார். கீழ்வீட்டில் குடியிருக்கும் எனக்கு, மேலே பிரேம் போடும் வேலை நடக்கிறது என்பதற்கு அந்தத் தும்மல்தான் அறிவிப்பு.

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பது அவர் உத்தியோகம். அங்கே வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரே குத்து அக்கா'. நரம்பைத் தேடிக் கையைச் சல்லடையாக்கும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. விரலால் தடவிப் பார்ப்பார், "அந்தப் பக்கம் பாருங்க" என்பார். நாம் பயப்படத் தயாராவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

அதே கைதான் விடுமுறை நாளில் மவுண்ட் அட்டையை வெட்டுகிறது. படத்துக்கும் பிரேமுக்கும் நடுவே அகலமாக வெள்ளை ஓரம் தெரியுமே, அதுதான் மவுண்ட். தடித்த அட்டையின் நடுவில் ஒரு ஜன்னல் வெட்டி, பின்னாலிருந்து படத்தை வைக்க வேண்டும். ஜன்னலின் விளிம்பு உள்நோக்கிச் சரிவாக இறங்க வேண்டும். அதற்கென்று பிளேடு சாய்வாகப் பொருத்திய கட்டர் ஒன்று வைத்திருக்கிறார். முகப்பில் பென்சில் கோடு விழக் கூடாது என்பதால் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில்தான் வரைவார், முதுகில்தான் வெட்டுவார். "குத்தணும், இழுக்கணும், நிறுத்தணும். ரெண்டாவது தடவை இழுத்தா நாய் கடிச்ச மாதிரி ஆயிடும்."

படத்தை அட்டையோடு பசை போட்டு ஒட்டினால் அவருக்குக் கோபம் வரும். மேல் ஓரத்தில் மட்டும் துண்டு டேப் போட்டு, கொடியில் சட்டை போலத் தொங்கவிடுவார். மழைக்காலத்தில் அட்டை ஒரு பக்கம் இழுக்கும், படம் ஒரு பக்கம் இழுக்கும், ஒட்டியிருந்தால் சுருங்கிப்போகும் என்பது அவர் கட்சி. "தொங்க விட்டுட்டா அது பாட்டுக்கு இருக்கும்" என்பார்.

எல்லாம் அவரே எடுத்த படங்கள். மழைத்துளி வழியும் பேருந்துக் கண்ணாடி, ஆய்வக வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளின் குவியல், காலியான நடைபாதையில் தனியாக நிற்கும் சக்கர நாற்காலி. முதல் படத்தை ஒரு கடையில் கொடுத்துத்தான் பிரேம் போட்டார். கடைக்காரர் ஊதா நிற அட்டை வைத்து, தங்கப் பூ போட்ட சட்டத்தில் அடைத்துக் கொடுத்தார். "என் பஸ்ஸைக் கல்யாணப் பொண்ணு ஆக்கிட்டாரு" என்று வீட்டுக்கு வந்து ஆணியைப் பிடுங்கியவர், பிறகு எந்தக் கடைப் படியும் ஏறவில்லை. என் வீட்டுக்கு வந்தால்கூட உட்காருவதற்கு முன் என் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அவர் போனதும் நான் அதைப் பழையபடி கோணலாக்கி வைப்பேன். எனக்கும் ஒரு கொள்கை வேண்டாமா?

இந்த வருடம் நூலகத்தின் வாசிப்பு அறையில் ஒரு சுவரை அவருக்குக் கொடுத்தார்கள். "கேட்டாங்க, சரின்னேன்" என்று என்னிடம் சொன்னார். நூலகரிடம் நடையாய் நடந்து கேட்டவர் இவர்தான் என்பது தெருவுக்கே தெரியும். படங்கள் வீட்டை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை.

அவற்றில் நடுநாயகம் அவருடைய அப்பாவின் படம். சமையலறை மேசையருகே மரநாற்காலியில் உட்கார்ந்து, வாயில் மிச்சமிருக்கும் பற்கள் அத்தனையும் தெரியச் சிரிக்கிறார். அசல் படத்தில் வலது ஓரத்தில் ஒரு கையும் உண்டு. வாட்ச் கட்டிய கை, அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி இருக்கிறது. அது இவருடைய தம்பியின் கை. மவுண்ட் வெட்டும்போது அந்தக் கை அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. இடது ஓரத்தில் கழுவாத பாத்திரங்களும் மறைந்தன. அழகுக்காகத்தான் என்றார். உண்மையிலேயே படம் அப்போது இன்னும் அழகாகத்தான் இருந்தது, நான் சாட்சி.

ஆனால் அழகு மட்டும் காரணமில்லை. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நடந்தபோது தம்பி வரவில்லை. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு, ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழும் தம்பி. மருத்துவமனை வாசனையே அவனுக்கு ஆகாது. அது அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், தனியாக அலைந்த ஆத்திரத்தில், இனிமேல் இந்த வீட்டுக்கு வராதே என்று போனில் சொல்லிவிட்டார். ஒரே குத்து. தம்பியும் ரோஷக்காரன், வரவே இல்லை.

அப்பா இவரோடுதான் இருக்கிறார். பிரேம் போட்டு முடித்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது நானும் இருந்தேன். அப்பா தன் சிரிப்பைப் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் கை எங்கம்மா போச்சு?"

"அட்டைக்குப் பின்னால பத்திரமா இருக்குப்பா."

அப்பா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே தம்பி மனைவி போன் செய்து, படங்களைப் பார்க்க இருவரும் நூலகத்துக்கு வருவதாகச் சொன்னாள். இவர் வேறொன்றும் பேசாமல் நூலகம் திறக்கும் நேரத்தை மட்டும் சொன்னார். போனை வைத்ததும் முகம் பூரித்துவிட்டது. அவன் வர வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தொண்டை வரைக்கும் இருந்தது. வாய்க்கு வரவிடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

உடனே பிரேமைக் கழற்றினார். ஜன்னலை வலது பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தினால் கை வெளியே வந்துவிடும். வீட்டில் வேறு அட்டை இல்லை, மறுநாள் படங்கள் சுவரில் ஏற வேண்டும். ஸ்கேலை அழுத்திப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அட்டையைக் கவிழ்த்தார், வலது பக்கம் அளந்து கோடு போட்டார், குத்தி, இழுத்து, நிறுத்தினார். வெட்டு சீராக வந்தது. அட்டையைத் திருப்பிப் படத்தின் மேல் வைத்தார். கை இருந்த இடத்தில் இன்னும் வெள்ளை அட்டை. இடது பக்கத்தில் கழுவாத பாத்திரங்கள் வரிசையாக வெளியே வந்து நின்றன.

கவிழ்த்துப் போட்ட அட்டையில் வலது என்பது படத்துக்கு இடது. இத்தனை வருடமும் ஜன்னலை நட்டநடுவில் வெட்டியவருக்கு எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. மாடிப்படியில் கணவர் தும்மினார். வழக்கமாக அதற்கு உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போகும். அன்று போகவில்லை. ரத்தம் எடுக்க நீட்டிய கையைத் தடவிப் பார்ப்பது போல, அந்த அட்டையின் வெட்டிய விளிம்பை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு அட்டையை மறுபடியும் கவிழ்த்து, அதே அளவுக்கு அடுத்த பக்கமும் கோடு போட்டார். "பிடிங்க" என்றார். கோட்டுக்கு ஒரே இழுப்பு. திருப்பி வைத்தபோது ஜன்னல் மறுபடியும் நட்டநடுவில் இருந்தது. நடுவில் அப்பா, வலப்பக்கம் தம்பியின் கை, இடப்பக்கம் பாத்திரங்கள்.

பாத்திரம் தெரிகிறதே என்றேன்.

"தெரியட்டும். யார் வீட்டுல பாத்திரம் இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

நூலகத்தில் அவர் படத்தைப் பார்க்க வந்தவர்களைவிட அவரைப் பார்ப்பதுதான் வேடிக்கை. யாராவது ரசித்து விரல் நீட்டினால் போதும், "கண்ணால பாருங்க" என்பார் சிரித்துக்கொண்டே. அதையும் மீறித் தொட்டுவிட்டால் கைப்பையிலிருந்து பனியன் துணி வெளியே வரும். தொட்டவர் எதிரிலேயே மேலிருந்து கீழாக ஒரு துடைப்பு. நூலகர்கூடத் தப்பவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தம்பி வந்தான். மனைவியை முன்னால் விட்டு, பள்ளிக்குத் தாமதமாக வந்தவன் போலப் பின்னால் வந்தான். அக்காவைப் பார்க்காமல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். அப்பா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"இது என் கைதானேக்கா?"

"வேற யாரு கை? வாட்ச் நான் வாங்கிக் குடுத்தது."

அவன் மெல்லக் கையைத் தூக்கி, படத்தில் நாற்காலியைப் பிடித்திருக்கும் அந்தக் கையின் மேல் விரலை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணாடியில் வியர்வையோடு ஒரு ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது. வழக்கம் போல அக்காவின் கை பைக்குள் போனது, துணி வெளியே வந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். துணியை நாலாக மடித்தார், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.