அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகள்

அம்மா இருபத்தாறு வருடம் வானாய்வகத்தில் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்க்கும் வேலை செய்தார். தொலைநோக்கி வழியாக ஒருமுறைகூட வானத்தைப் பார்த்ததில்லை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, அளவுக்கோடு பொறித்த பூதக்கண்ணாடி, முழங்கை வைக்க மடித்த துண்டு. அவ்வளவுதான் அவருடைய சாமான்.

அவர் தேடியது தனியாக இருக்கும் விண்மீன் திரள்களை. ஒரு திரளின் குறுக்களவை எடுத்து, அதைப்போல் இருபது மடங்கு தூரம்வரை சுற்றிலும் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று இருந்தால் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் ஓர் அட்டை எழுத வேண்டும். அண்டையில் எதுவும் பிடித்திழுக்காத திரள் தானாக எவ்வளவு ஒளி தரும் என்று கணக்கிட அந்த அட்டைகள் தேவை.

"உலகமே கூட்டம் கூட்டமா கிடக்கு, நீங்க ஒத்தையா இருக்கறதையே தேடுறீங்களேக்கா," என்பார் படக் கிடங்குக்காரர்.

"கூட்டத்தத்தான் வீட்ல பார்க்கறேனே தம்பி."

இரண்டு அறையில் நாங்கள் ஏழு பேர்.

நானும் அதே துறைக்கு வந்தேன். அம்மா ஓய்வு பெற்றபின் அவருடைய ஆயிரத்து நூறு அட்டைகளைக் கணினியில் ஏற்றினேன். இடம், குறுக்களவு, வடிவம், பிரகாசம் என நான்கு பத்திகள். இந்த நான்கு போதும் என்று முடிவு செய்தது நான். சில அட்டைகளின் ஓரத்தில் சிவப்புப் பென்சில் புள்ளி இருந்தது. பார்த்தேன். கை பட்ட கறை என்று விட்டுவிட்டேன்.

பிறகு புதிய படங்களோடு ஒப்பிட ஒரு நிரல் எழுதினேன். அறுபத்தொரு திரள்களுக்குப் பக்கத்தில் துணை இருக்கிறது என்றது. அந்த அறுபத்தொன்றும் பெரும்பாலும் சிறியவை, மங்கலானவை. நீக்கினேன். மிச்சத்தைப் பிரகாச வாரியாக எண்ணியபோது மங்கலானவை மிகக் குறைவு. தனித் திரள்களில் மங்கலானவை அரிது என்று கட்டுரை வெளியிட்டேன். பாராட்டினார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த அறுபத்தொண்ணு? லிஸ்ட கொண்டா, பார்க்கறேன்."

"மிஷினே பார்த்தாச்சும்மா. கண்ணால பார்த்தா தப்பு வரத்தான் செய்யும்."

"ஏண்டி, நீ என்ன மிஷின் வயித்துலயா பொறந்தே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஊசி நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு முறை கேட்டார். ஒருமுறை தொலைபேசியில். ஒருமுறை மருத்துவமனைக் கட்டிலில். "அடுத்த வாரம் கொண்டாறேம்மா," என்றேன். அச்செடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த வாரம் அம்மா இல்லை.

நான்கு மாதம் கழித்து அந்தத் துணைகளின் தூரத்தை வேறொரு குழு அளந்து வெளியிட்டது. அறுபத்தொன்றில் ஐம்பத்திரண்டு துணையே அல்ல. ஒரே திசையில் தெரிகிற, வெகு தூரம் பின்னால் இருக்கிற திரள்கள். அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தொன்றிலும் சிவப்புப் புள்ளி.

கிடங்குக்காரரிடம் போனேன்.

"உனக்குத் தெரியாதா? ஒரே இடத்தோட நீலப் படம், சிவப்புப் படம், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க அக்கா. பக்கத்துல தெரியறது நீலத்துல மங்கி, சிவப்புல பளிச்சுன்னு இருந்தா அது ரொம்பப் பின்னாடி இருக்கற ஆளு, பக்கத்து வீடு இல்ல. அப்படி இருந்தா தள்ளாம அட்டை எழுதி, ஓரத்துல ஒரு புள்ளி. இங்க எல்லாருக்கும் தெரியுமே. நீ கேக்கலையா?"

"கேக்கல மாமா."



திருத்தம் அனுப்பிவிட்டேன். மங்கலானவை அரிதல்ல, நிறையவே இருக்கின்றன. பிழை என்னுடையது, அட்டைகளுடையது அல்ல என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

மிச்சம் ஒன்பது. அவற்றின் துணைகள் உண்மையிலேயே பக்கத்தில்தான் இருக்கின்றன. வயதான திரள்கள், இயல்பிலேயே சிவப்பு. நிறத்தை நம்பி அம்மா ஏமாந்த இடம் அது. சொன்னால் லேசில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். "படத்த எடு," என்றிருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பேன். ஏழாவதிலோ எட்டாவதிலோ, "சரி, இது உன் பக்கம்," என்றிருப்பார்.