சுகந்தியின் கல்யாணத்தை எரித்த மத்தியானம்

நான் சீடி எரிக்கப்போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது, கீழ்வீட்டுச் செல்வி அதைத் தீ மூட்டுவதாகவே எடுத்துக்கொண்டாள். "இன்னாக்கா, ஒட்ஞ்சிபோச்சா? வூட்டுக்குள்ள கொளுத்தாத, கலீஜா நாறும். மொட்டமாடிக்கு எடுத்துனு வா, நான் தீப்பெட்டி எடுத்தாறேன்" என்றாள். குற்றம் அவளுடையதல்ல. கனடாவிலிருந்து அந்தக் கருவியை அனுப்பிய என் தம்பி தொலைபேசியில் "எரிக்கிறது" என்றுதான் சொன்னான். நானும் அப்படியே சொன்னேன். திருவொற்றியூரில் அதற்கு "ரைட் பண்றது" என்று பெயர். ஒரே தமிழ் பேசுகிறோம் என்று நம்பித்தான் நாங்கள் கடல் கடந்து இங்கே வந்தோம். எங்கள் ஊரான பருத்தித்துறையில் "சுகமோ" என்று கேட்டால் போதும். இங்கே அப்படிக் கேட்டால், தனக்கு உடம்புக்கு ஏதோ என்று நான் நினைத்துவிட்டதாக எதிரே நிற்பவர் கலவரப்படுகிறார்.

அந்தக் கருவி ஒரு தடித்த பாடப்புத்தகம் அளவு இருந்தது. கணினிக்கு வெளியே, மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும். கணினி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பத்திரிகைகளுக்கும் அச்சகங்களுக்கும் வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கருவியின் பிளக்குக்குத் தட்டையான இரண்டு கால்கள். எங்கள் சுவரில் உருண்டைத் துளைகள். கால் பொருந்தினாலும் மின்சாரம் பொருந்தாது, நேரே செருகினால் கருகிவிடும் என்று தம்பி எச்சரித்திருந்தான். என் கணவர், மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், மின் அழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். அம்மிக்கல் கனம் கனத்த அந்தப் பெட்டி, கருவி வேலை செய்யும்போதெல்லாம் ஒரு வண்டுபோல ரீங்கரிக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஊரில் பல வருடங்கள் மின்சாரமே இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டிருக்கிறோம். மின்சாரம் வந்தும் போதாமல் இருக்கும் என்பதையும், அதற்கு "லோ வோல்டேஜ்" என்று பெயர் என்பதையும் திருவொற்றியூரில்தான் அறிந்துகொண்டேன்.

என் தங்கை சுகந்தியின் கல்யாணம் இங்கே நடந்தது. மாப்பிள்ளை கனடா, பெண் பருத்தித்துறை. இருவரும் நடுவழியில் சந்திக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் நான் இருந்த ஊர். அப்பாவால் எழுந்து நடமாட முடியாது, அம்மாவால் அவரை விட்டுவிட்டு வரமுடியாது. ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பந்தலுக்குள் ஆட்கள் கொள்ளாமல் வேலிக்கு அப்பாலும் நிற்பார்கள். இங்கே பெண் வீட்டுப் பக்கம் நானும் கணவரும், கொழும்பு வழியாகச் சுகந்தியைக் கூட்டிவந்த மாமியும் மட்டும். ஆராத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும் என்று ஐயர் கேட்டபோது, மாமி ஒரு பக்கம் நின்றாள். மறுபக்கத்துக்கு யார் என்று நான் விழித்தேன். "நான் வர்லாமா?" என்று கேட்டபடியே செல்வி மேடை ஏறிவிட்டாள். தாலி கட்டும்போது அவள் அழுத அழுகையைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா, இவதான் பெண்ணின் தாய்போல என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம்.

வீடியோ எடுத்த படக்காரர் கல்யாணத்தை ஒரே சீடியில் அடக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நாளில் தரவில்லை. சுகந்தியும் மாப்பிள்ளையும் கனடாவுக்கும் மாமி கொழும்புக்கும் புறப்படவேண்டிய அதே நாள் காலையில்தான் கொண்டுவந்து தந்தார். அந்த ஒன்றைக் கனடா கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளையின் தாயும் அங்கே படுக்கையில் இருந்ததால் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு மாமி கையில் ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். என்னிடம் இரண்டு வெற்றுச் சீடித் தட்டுகள் இருந்தன. எரிக்கத் தொடங்கினேன். பாதி தாண்டியபோது மின்விசிறி தளர்ந்தது, திரை ஒருமுறை கண் சிமிட்டியது, கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. தட்டு வீணாகிவிட்டது. அதைத் திரும்ப எழுதமுடியாது.

கைவசம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சுகந்தி பெட்டியைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, உள்ளதை அம்மாவுக்கே குடுத்து விடு. நான் அங்க போய் மாமியாரிட்ட ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்" என்றாள். போன வீட்டில் முதல் நாளே சமாளிப்பதா? மனம் ஒப்பவில்லை. படியிறங்கிச் செல்வியிடம் போய், என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்று சொன்னேன். அவள் வாசலில் மாலை நேர இட்லிக் கடை போடுபவள். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும் முன்பே சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

"செல்வி, பின்னேரக் கடை?"

"கெடக்குது வுடு. லேட்டானா நின்னு துன்னுட்டுப் போவட்டும்."

அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போனாள். பாஷா பாய் ஓர் இரும்புக் கேட்டின் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவின் வோல்டேஜை விழுங்குவதே அவருடைய இயந்திரம்தான்.

"பாய், கொஞ்சம் நிறுத்து பாய். இவங்கம்மாவுக்குக் கல்யாணம் போவணும்."

பாய் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை ஒருமுறை பார்த்தார். "அம்மாவுக்கா கல்யாணம்?"

"ஐயோ, தங்கச்சிக்கு. அது ஆயிப்போச்சி. அவங்கம்மா சிலோன்ல கீறாங்க, பாக்கல. அத்த சீடில போட்டு அனுப்பணும். நீ வெல்டிங் வச்சின்னா கரண்டு பூட்டுது."

பாய் மெயினை இறக்கிவிட்டு, சட்டையை உதறி மாட்டிக்கொண்டு எங்களோடு மாடிக்கே வந்துவிட்டார். கடைசித் தட்டைப் போட்டேன். பெட்டி ரீங்கரிக்கத் தொடங்கியது. என்றைக்கும் இரைந்துகொண்டே இருக்கும் அந்தத் தெருவில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. சுகந்தி, மாமி, செல்வி, பாய் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் மெல்ல நீளும் நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் டாக்ஸிக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒருமுறை தளர்ந்தது. "யார்றா அது?" என்று செல்வி ஜன்னலில் கத்தினாள். மறுபடி சுழன்றது. தட்டு தானாக வெளியே வந்தபோது, அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. சுகந்திதான் எடுத்தாள், இளஞ்சூடாக இருந்தது. போட்டுப் பார்த்தோம். மேளச் சத்தத்தோடு அவளுடைய முகம் திரையில் வந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, "நான் போய் மெயினப் போட்லாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

ஒன்று மேற்கே போனது, மற்றது தெற்கே போனது. எனக்கென்று ஒன்று மிஞ்சவில்லை. வேறு தட்டு இல்லை, கணினிக்குள் போட்டுவைக்க இடமும் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. நான் கல்யாணத்தில் நின்றவள்தானே.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் அம்மா ஊரிலுள்ள தொலைபேசிக் கடையிலிருந்து அழைப்பு எடுத்தாள். "படம் பாத்தம் பிள்ளை. கொப்பரும் கதிரையில இருந்து முழுக்கப் பாத்தவர்" என்று அப்பாவின் கதையோடு தொடங்கி, நான் நின்ற கல்யாணத்தை எனக்கே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எங்கே மாலை சரிந்தது, எங்கே சுகந்தி சிரிப்பை அடக்கினாள், எல்லாம். நான் பந்தியைக் கவனிக்க ஓடியதில் தவறவிட்டவை அவை. பிறகு கேட்டாள்:

"அந்த மஞ்சள் சீலை ஆர்? தாலி கட்டேக்க அப்பிடி அழுகிறா. மாப்பிள்ளை பகுதியோ?"

"இல்லை அம்மா, எங்கட பகுதி."

"எங்கட பகுதியில எனக்குத் தெரியாத ஆளோ?"

"பொறுங்கோ, கூப்பிடுறன்" என்று சொல்லி, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே படிப்பக்கம் எட்டிக் கத்தினேன்: "ஏ செல்வி! எங்கம்மா லைன்ல கீறாங்க, சீக்கிரமா வாம்மே!"

திரும்பக் காதில் வைத்தபோது அம்மா மரியாதையான குரலில் கேட்டாள்: "இப்ப கதைச்சது ஆர்? அவவோ?"

"நான்தான் அம்மா."

"நீயோ?" என்றாள்.

செல்வி வந்து ரிசீவரை வாங்கினாள். "யம்மா, நல்லாகீறீங்களா? பொண்ணு சூப்பரா கீதும்மா, ஒண்ணியும் பேஜாராவாதீங்க" என்று சத்தமாகச் சொன்னாள். அப்புறம் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா, எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்ன்றாங்க? பூஜைல கீறாங்களா?" அம்மாவின் "ஓம்" எங்கள் ஊர் "ஆமாம்". அந்தப் பக்கத்தில் அம்மாவும் அவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய தமிழை இவளுக்கும் இவளுடைய தமிழை அவளுக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் தடுமாறி, "கொஞ்சம் பொறும், கேட்டுச் சொல்லுறன்" என்று செல்வியிடமும், "இன்னாம்மா?" என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.